யாரும் கடக்காத சாவடியையும் எழுதுங்கள்: மக்சோம் வாட்ச் பெண்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அம்மையீர்,

இஸ்ரேல் ஆக்கிரமித்துள்ள பாலஸ்தீன நிலப்பகுதியான மேற்குக் கரையின் ராணுவச் சோதனைச் சாவடிகளில் 2001 முதல் நின்று, கண்டதைக் கண்டபடி எழுதிவரும் உங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாசகி எழுதும் மடல் இது. உங்கள் அறிக்கைகளைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். பாராட்டுவதற்காக மட்டும் எழுதவில்லை. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு தொலைவில் இருக்கும் ஒருத்தி அதைக் கேட்பதற்கு என்ன உரிமை என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இதைத் தமிழில் எழுதி வெளியிடுவதற்குக் காரணம், உங்களோடு சேர்த்து என் மொழிக்காரர்களும் படிக்க வேண்டும் என்ற விருப்பம்தான். ஆகவே, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த சிலவற்றையும் அவர்களுக்காகச் சொல்லிவிட்டுத் தொடர்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மக்சோம் என்னும் எபிரேயச் சொல்லுக்குத் தடுப்பு என்று பொருள். மேற்குக் கரைப் பாலஸ்தீனர்களும் தங்கள் அரபுப் பேச்சுக்கு நடுவே அதே சொல்லைத்தான் புழங்குகிறார்கள். 2000 செப்டம்பரில் பாலஸ்தீனர்களின் எழுச்சியான இரண்டாம் இன்டிஃபாதா தொடங்கி, இஸ்ரேலிய ராணுவம் பாலஸ்தீன ஊர்களுக்கு இடையே சாவடிகளைப் பெருக்கிய சில மாதங்களிலேயே, மூன்று இஸ்ரேலியப் பெண்கள் அங்கே போய் நின்று பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கானோர் அவர்களோடு சேர்ந்தார்கள். பெண்கள் மட்டுமே உறுப்பினர்களாக உள்ள அந்த மக்சோம் வாட்ச் அமைப்பில் பலர் நடுவயதைக் கடந்தவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். சாவடியில் துப்பாக்கியோடு நிற்கும் சிப்பாய்க்கோ பத்தொன்பது, இருபது வயது. தன் பாட்டியின் வயதில், தன் தாய்மொழியிலேயே பேசும் ஒரு பெண் கையில் குறிப்பேட்டோடு பத்தடி தள்ளி நின்று தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது அவனை எவ்வளவு சங்கடப்படுத்தியிருக்கும் என்பது உங்கள் அறிக்கைகளைப் படிக்கும் எவருக்கும் புரியும். சில சாவடிகளில் உங்களுக்கென்று தரையில் வெள்ளைக் கோடு போட்டு, அதைத் தாண்டக் கூடாது என்று சொன்னார்கள். கோட்டுக்குப் பின்னால் நின்றும் எழுதினீர்கள்.

உங்கள் அறிக்கைகளில் நான் மிகவும் மதிப்பது அவற்றின் சலிப்பூட்டும் தன்மையைத்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தேதி, இடம், காலை முறையா மாலை முறையா, வந்து சேர்ந்த நேரம், எத்தனை வரிசைகள் திறந்திருந்தன, எத்தனை பேர் காத்திருந்தார்கள், ஓரமாக உட்கார வைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், எப்போதிலிருந்து, என்ன காரணம் சொன்னார்கள், எந்த அதிகாரிக்குத் தொலைபேசியில் பேசினீர்கள், எப்போது விட்டார்கள். ஒரு நாள் அறிக்கையை மட்டும் படித்தால் பெரிதாக ஒன்றும் நடந்துவிட்டதாகத் தோன்றாது. தொடர்ந்து பல மாத அறிக்கைகளைப் படித்தால்தான், ஒரு மக்கள் கூட்டத்தின் காலை நேரமே எப்படிப் பறிபோகிறது என்பது புலப்படும். 16 வயது முதல் 35 வயது வரையுள்ள ஆண்கள் நாப்ளஸ் நகரை விட்டு வெளியேறக் கூடாது என்று அந்த ஆண்டுகளில் அடிக்கடி ஒரு கட்டளை வரும். அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது, எந்த நாள்வரை செல்லும் என்று சாவடிக்கு வந்து சேரும் இளைஞனுக்குத் தெரியாது. நேற்று கடந்தவன் இன்று கடக்க முடியாது; இன்று நாப்ளஸுக்குத் தெற்கே இருந்த ஹுவாரா சாவடியில் மறுக்கப்பட்டவன் சுற்றிக்கொண்டு வேறு சாவடிக்குப் போனால் அங்கே அனுமதிக்கப்படலாம். கொடுமை என்று சொல்வதைவிட ஒழுங்கின்மை என்றே இதைச் சொல்லத் தோன்றும். ஆனால் அந்த ஒழுங்கின்மையே ஆட்சியின் முறையாக இருந்தது என்பதை, ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வாராவாரம் நின்று எழுதியவர்களால்தான் காட்ட முடிந்தது.

சாவடியில் நிகழ்ந்த பேரிழப்புகளை மற்றவர்களும் எழுதினார்கள். இரண்டாம் இன்டிஃபாதா ஆண்டுகளில் 60-க்கும் மேற்பட்ட பாலஸ்தீனப் பெண்கள் சாவடியிலேயே பிள்ளை பெற நேர்ந்தது என்றும், அப்படிப் பிறந்த குழந்தைகளில் பல உயிர் பிழைக்கவில்லை என்றும் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் பதிவு செய்தது. அத்தகைய செய்தி உலகத்தைச் சில நாள் உலுக்கும். பல் மருத்துவரிடம் போக முடியாமல் திரும்பியவர், தேர்வு தொடங்கிய பிறகு போய்ச் சேர்ந்த மாணவி, தக்காளிப் பெட்டிகள் வெயிலில் வதங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்ற வண்டிக்காரர் ஆகியோர் யார் நினைவிலும் தங்குவதில்லை. அவர்களுக்கு இடம் கொடுத்த பதிவேடு உங்களுடையது.

2004 நவம்பரில், நாப்ளஸுக்கு மேற்கே இருந்த பெய்த் இபா சாவடியில், வயலினோடு வந்த ஒரு பாலஸ்தீன இளைஞர் சிப்பாய்களின் முன்னால் நின்று அதை வாசிப்பதை உங்களில் ஒருவர் படம் பிடித்தார். அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று ராணுவம் பிறகு விளக்கம் தந்தது. ஆனால் அந்தப் படம் இஸ்ரேலில் எழுப்பிய கலக்கத்துக்கு அந்த விளக்கத்தால் மருந்திட முடியவில்லை. நாஜி முகாம்களில் யூத இசைக்கலைஞர்கள் காவலர்களுக்காக வாசிக்க வைக்கப்பட்டதை அது நினைவூட்டியது. உங்கள் பெயர் பலருக்குத் தெரியவந்தது அப்போதுதான். எனக்கு அந்த நிகழ்வில் முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்தப் படம் எடுக்கப்பட்டது, அன்று வயலின் வரும் என்று யாரும் எதிர்பார்த்துப் போனதால் அல்ல. அது உங்கள் வழக்கமான முறை நாள். ஒன்றுமே நடக்காத நாட்களில் போய் நிற்காதவர்கள் அன்றும் அங்கே இருந்திருக்க மாட்டார்கள்.

பிறகு சாவடிகளின் உருவம் மாறியது. மணல் மூட்டையும் கான்கிரீட் கட்டையும் தகரக் கூரையுமாக இருந்த இடங்களில் பெரிய கட்டடங்கள் எழுந்தன. ராமல்லாவுக்கும் ஜெருசலேமுக்கும் இடையிலுள்ள கலந்தியா, பெத்லகேமின் 300 எண் சாவடி, துல்கரேமை ஒட்டிய இர்தா போன்றவை நாட்டின் எல்லை முனையங்களைப் போலவே கட்டப்பட்டன. ஆனால் இஸ்ரேல் 2002-இல் கட்டத் தொடங்கிய பிரிப்புச் சுவரின் தடத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு மேற்குக் கரையின் உள்ளேதான் செல்கிறது. ஆகவே எல்லை என்று சொல்லப்படும் பல இடங்கள் எல்லையே அல்ல. கடவுகள் சிலவற்றில் தனியார் காவல் நிறுவனங்களின் ஆட்கள் அமர்த்தப்பட்டார்கள். சிப்பாய் கண்ணாடிக்குப் பின்னால் போனான். அவன் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. மனிதர்கள் ஒருவர் பின் ஒருவராக நுழைவதற்குச் சுழல் கதவுகள் வந்தன. வழக்கமாக 75 முதல் 90 சென்டிமீட்டர் வரை இருக்கும் அந்தக் கதவின் கைகள் இந்தச் சாவடிகளில் 55 சென்டிமீட்டராகக் குறுக்கப்பட்டிருந்தன என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பையோடு, குழந்தையோடு, நிறைமாத வயிற்றோடு அதற்குள் செல்வது எப்படி என்பதை யோசித்துப் பார்க்கவே மூச்சு முட்டுகிறது. உள்ளே நடப்பதை இனி வெளியே நிற்கும் நீங்கள் பார்க்க முடியாது. 2019-இல் கலந்தியாவில் முகத்தை அடையாளம் காணும் மின்னணு வாயில்கள் வந்தபோது வரிசை வேகமாக நகர்கிறது என்று செய்தி வந்தது. அது பொய்யல்ல.

அந்த மாற்றத்தை நீங்கள் எதிர்கொண்ட விதத்தைத் தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். தடுப்பு சாலையிலிருந்து கணினிக்கு இடம் மாறிவிட்டது என்பதை நீங்கள் உடனே கண்டுகொண்டீர்கள். யாருக்கு அனுமதிச் சீட்டு உண்டு, யாருக்கு இல்லை, உளவுத்துறையோ காவல்துறையோ வைத்திருக்கும் தடைப் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்பதெல்லாம் சாவடிக்கு வருமுன்பே முடிவாகிவிடுகிறது. பல்லாயிரக்கணக்கானோர் காரணம் சொல்லப்படாமல் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். உங்களில் சிலர் அவர்களுக்காக மனு எழுதத் தொடங்கினீர்கள், படிவம் நிரப்பினீர்கள், வழக்கறிஞரோடு சேர்ந்து நீதிமன்றம்வரை போனீர்கள். மனு போனதும் எந்த விளக்கமும் இல்லாமல் பலருடைய பெயர்கள் நீக்கப்பட்டன. பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று ஆண்டுக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்ட ஒருவர், யாரோ ஒரு மூதாட்டி ஒரு தாளை அனுப்பியதும் ஆபத்தற்றவர் ஆகிவிடுகிறார் என்றால், அந்தப் பட்டியலைப் பற்றி அதைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடிய சான்று வேறென்ன இருக்க முடியும்?

கண்காணிப்பு என்றதும் உங்கள் பகுதியில் நினைவுக்கு வரும் இன்னொரு அமைப்பு, ஹெப்ரோன் நகரில் இருந்த தற்காலிகப் பன்னாட்டுப் பிரசன்னம் என்னும் பார்வையாளர் குழு. 1994 பிப்ரவரியில் இப்ராஹிமி மசூதியில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை ஒரு குடியேற்றக்காரர், அதாவது மேற்குக் கரையில் குடியேறிய இஸ்ரேலியர் ஒருவர், சுட்டுக்கொன்ற பிறகு, ஐ.நா. பாதுகாப்பு அவையின் 904-ஆம் தீர்மானத்தை ஒட்டி உருவானது அது. 1997-இல் நகரம் இரண்டாகப் பிரிக்கப்பட்டபோது நார்வே, சுவீடன், டென்மார்க், இத்தாலி, சுவிட்சர்லாந்து, துருக்கி ஆகிய ஆறு நாடுகளின் ஆயுதமற்ற பார்வையாளர்கள் அங்கே நிலைகொண்டார்கள். அவர்களில் இருவர் 2002-இல் பணியின்போதே கொல்லப்பட்டார்கள். அவர்களுடைய உழைப்பை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அவர்கள் எழுதிய அறிக்கைகள் இரகசியமானவை. இஸ்ரேலுக்கும் பாலஸ்தீன அதிகார சபைக்கும் அந்த ஆறு அரசுகளுக்கும் மட்டுமே போய்ச் சேர்ந்தன. இருபது ஆண்டுகளில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்வுப் பதிவுகளைச் சேர்த்துவைத்திருந்தார்கள் என்பதே 2018 இறுதியில் ஒரு செய்தித்தாளுக்குக் கசிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. அடுத்த மாதமே, 2019 ஜனவரியில், அவர்களுடைய ஆணையை நீட்டிக்க மாட்டோம் என்று பிரதமர் நெதன்யாகு அறிவித்தார். ஒரு கையெழுத்தில் அத்தனையும் முடிந்தது. உலகத் திருச்சபைகள் மன்றம் பாலஸ்தீனர்களுக்குத் துணைநிற்க 2002 முதல் அனுப்பிவந்த தன்னார்வலர்களுக்கும், தொல்லைகள் மிகுந்ததால் அதே மாதம் ஹெப்ரோனிலிருந்து விலக நேர்ந்தது. உங்களை யாரும் அப்படி வெளியே அனுப்ப முடியவில்லை. உங்களை யாரும் அழைக்கவுமில்லை, ஆணை தரவுமில்லை. நீங்கள் அந்த நாட்டின் குடிமக்கள். எழுதியதை அன்றன்றே ஊரறிய வெளியிட்டீர்கள். சம்பளமும் வாகனமும் தூதரகப் பாதுகாப்பும் கொண்ட அமைப்பு போனது. சொந்தக் காரில் பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறீர்கள்.

உங்கள்மீது உள்ள ஒரு குற்றச்சாட்டையும் நேர்மையாகப் பேச வேண்டும். குடியேற்றக்காரர்கள் உங்களைத் துரோகிகள் என்று ஏசுவதை நான் சொல்லவில்லை. அதைவிடக் கனமான கேள்வி ஒன்று உங்களுக்குள்ளேயே எழுந்திருக்கிறது. ஒரு நோயாளியைக் கடக்க விடும்படி அதிகாரியிடம் தொலைபேசியில் கேட்கும்போது, அவருக்கு அதை மறுக்கும் அதிகாரம் உண்டு என்பதை நீங்களும் ஒப்புக்கொண்டுவிடுகிறீர்கள் அல்லவா? நீங்கள் நிற்பதால் சாவடி கொஞ்சம் நாகரிகமாக நடந்துகொள்கிறது என்றால், அந்த நாகரிகம் சாவடி நீடிப்பதற்கு உதவுகிறது அல்லவா? இக்கேள்வியால் மனம் உடைந்து விலகியவர்களும் உங்களில் இருக்கிறார்கள். என் தீர்ப்பு என்று ஒன்று இருந்தால் அது இதுதான்: மூச்சுத் திணறும் ஒருவரைக் கடக்க வைத்ததற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. அவர் ஒரு கோட்பாட்டுக்காக அங்கேயே கிடக்க வேண்டும் என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை, யாருக்கும் இல்லை. ஆனால் உதவி செய்ததோடு நிறுத்திக்கொண்டு, எழுதுவதை விட்டிருந்தால் அந்தக் குற்றச்சாட்டு முழு உண்மையாகியிருக்கும். நீங்கள் விடவில்லை. உதவியையும் எழுதினீர்கள், உதவ முடியாமல் போனதையும் எழுதினீர்கள்.

இப்போது நான் கேட்க வந்ததற்கு வருகிறேன்.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் உங்கள் மக்களில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். 251 பேர் பணயக் கைதிகளாகக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அதற்குப் பின் காசாவில் கொல்லப்பட்டோர் பல்லாயிரக்கணக்கானோர். இந்தத் துயரங்களுக்கு நடுவே ஒரு சாவடியைப் பற்றிப் பேசுவது சிறுமையாகத் தோன்றலாம். என்றாலும் பேச வேண்டும்; ஏனெனில் அந்த நாளோடு மேற்குக் கரையின் சாவடிகளில் ஏற்பட்ட மாற்றம் இதுவரை ஏற்பட்டவற்றிலேயே பெரியது. அதுவரை அனுமதிச் சீட்டோடு இஸ்ரேலிலும் குடியேற்றங்களிலும் வேலைக்குப் போய்வந்த பாலஸ்தீனர்கள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர். அதிகாலை நான்கு மணிக்குத் திறக்கும் கடவுக்கு இரண்டு மணிக்கே வந்து, அட்டைப் பெட்டியை விரித்துப் படுத்து இடம் பிடித்தவர்கள். அந்தச் சீட்டுக்கே தரகருக்கு மாதம் 2,000 ஷெக்கலுக்கும் மேல் கொடுத்தவர்கள் அவர்களில் பலர். ஒரே நாளில் அத்தனை பேருக்கும், சிறிய விதிவிலக்குகள் தவிர, கதவு மூடப்பட்டது. நீங்கள் இருபது ஆண்டுகளாக எண்ணிவந்த வரிசை மறைந்துவிட்டது. நெரிசல் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை, ஓரமாக உட்கார வைக்கப்பட்டவர் இல்லை. படம் எடுத்தால் அமைதியான, சுத்தமான இடமாகத் தெரியும்.

அந்தக் காலி இடத்தையும் எழுதுங்கள் என்பதே என் வேண்டுகோள். வரிசை இருந்தபோது எழுதியதைப் போலவே, தேதியும் நேரமும் இட்டு, வந்து நின்ற இருவரின் பெயரும் இட்டு எழுதுங்கள். கடக்க முயன்று திருப்பப்படுபவனை நாம் பார்க்கிறோம். கடக்க வரவே முடியாதவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. அவன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறான், வண்டியை விற்றுவிட்டான், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் கேட்டுக்கொண்டிருக்கிறான். நாளைக்கு யாராவது ஓர் ஆய்வாளரோ நீதிபதியோ உங்கள் ஆவணங்களைப் புரட்டும்போது, 2023 அக்டோபருக்குப் பிறகு இர்தாவிலோ ஏயாலிலோ தர்கூமியாவிலோ அறிக்கையே இல்லை என்றால், அங்கே ஒன்றும் நடக்கவில்லை, ஆகவே எழுதவில்லை என்று எண்ணிவிடுவார்கள். அன்று நடந்ததெல்லாம் ஒன்றும் நடக்கவிடாமல் செய்ததுதான் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

சாவடி என்ற சொல்லே போதாத ஒரு நிலை மேற்குக் கரையின் உள்பகுதியில் உருவாகியிருப்பதையும் நீங்கள் அறிவீர்கள். கிராமத்துச் சாலை நெடுஞ்சாலையைத் தொடும் இடத்தில் இரும்புக் கதவு ஒன்று நிற்கிறது. அதில் சிப்பாய் இல்லை. கேட்பதற்கு ஆள் இல்லை. என்றைக்குத் திறக்கும் என்று எழுதிய பலகையும் இல்லை. மக்கள் காலையில் எழுந்ததும் டெலிகிராம் குழுவில் எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுகிறார்கள். ஐ.நா. மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகத்தின் கணக்கில், 2023 தொடக்கத்தில் மேற்குக் கரையில் 645-ஆக இருந்த நடமாட்டத் தடைகள் 2025 தொடக்கத்தில் 849-ஆக உயர்ந்தன. இவற்றில் பெரும்பாலானவை பாலஸ்தீன ஊர்களுக்கும் அவர்களுடைய வயல்களுக்கும் பக்கத்து ஊர்களுக்கும் இடையே இருக்கின்றன. இஸ்ரேலுக்குள் நுழைபவரைச் சோதிக்கும் இடங்கள் அல்ல. பாதுகாப்பு என்ற காரணத்தை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை. இரண்டாம் இன்டிஃபாதாவில் இஸ்ரேலியர் ஆயிரம் பேர் அளவில் கொல்லப்பட்டார்கள். சாவடிகளிலேயே சிப்பாய்களும் தாக்கப்பட்டு இறந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு கிழவர் தம்முடைய ஒலிவ மரத்துக்குப் போவதைத் தடுக்கும் கதவு எந்த நகரத்தின் எந்தப் பேருந்தைக் காக்கிறது என்பதற்கு இன்றுவரை ஏற்கத்தக்க விடை இல்லை. சிப்பாய் இல்லாத கதவின் முன்னால் நின்று கண்காணிப்பது எப்படி என்று நீங்கள்தான் புதிதாக ஒரு முறையைக் கண்டுபிடிக்க வேண்டும். முன்பு சாலையிலிருந்து கணினிக்குப் பின்தொடர்ந்து போனவர்கள் நீங்கள். ஆகவே இதுவும் உங்களால் முடியும் என்று நம்புகிறேன்.

உங்களில் பலர் இப்போது யோர்தான் பள்ளத்தாக்கில் ஆட்டு மந்தைகளோடு நடக்கிறீர்கள் என்பதும், குடியேற்றக்காரர்கள் தாக்க வரும்போது மேய்ப்பர்களுக்கு அருகில் இஸ்ரேலியர் ஒருவர் இருப்பது ஓர் உயிரைக் காக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். இருப்பதோ சில கைகள்; அவற்றுக்கும் வயதாகிறது. அந்த வேலையை விட்டுவிட்டு ஆளில்லாத முனையத்தில் வந்து நில்லுங்கள் என்று கேட்க என் மனம் ஒப்பாது. மாதம் ஒரு முறை, ஒவ்வொரு கடவிலும் ஒரே ஒரு அதிகாலை போதும்.

இதைக் கேட்கும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்வதாகத் தொடக்கத்தில் எழுதினேன். அந்த ஒன்றரை லட்சம் பேர் விட்டுச்சென்ற கட்டடச் சாரங்களில் இன்று ஏறி நிற்பவர்களில் என் நாட்டவர் இருக்கிறார்கள். 2023 மே மாதம் கட்டுமானத்துக்கும் பராமரிப்புப் பணிக்குமாக 42,000 இந்தியத் தொழிலாளர்களை அனுப்புவதைப் பற்றி இரு அரசுகளும் பேசி, அதே ஆண்டு நவம்பரில் ஒப்பந்தம் செய்துகொண்டன. 2024 ஜனவரியில், ஹரியாணாவின் ரோத்தக்கிலும் உத்தரப் பிரதேசத்தின் லக்னோவிலும் குளிரில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வரிசையில் நின்று, கம்பி கட்டவும் ஓடு பதிக்கவும் தெரியும் என்று செய்துகாட்டித் தேர்வானார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் முதல் குழு புறப்பட்டது. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஊரில் வேலை இல்லாததால் போர் நடக்கும் நாட்டுக்குப் போகத் துணிந்தவர்கள் அவர்கள். ஆனால் துல்கரேமில் ஒரு வரிசை கலைக்கப்பட்டதால்தான் ரோத்தக்கில் ஒரு வரிசை உண்டானது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு நாட்டின் கூலிக்காரரைப் பட்டினி போட இன்னொரு நாட்டின் கூலிக்காரரைப் பயன்படுத்தும் ஏற்பாட்டில் என் அரசு கையெழுத்திட்டிருக்கிறது. 2024 ஜூலையில் அனைத்துலக நீதிமன்றம் இஸ்ரேல் அந்த நிலப்பகுதியில் தொடர்ந்து இருப்பதே சட்டவிரோதம் என்று கருத்துரைத்தது. அதையொட்டி செப்டம்பரில் ஐ.நா. பொது அவையில் வந்த தீர்மானத்தை 124 நாடுகள் ஆதரித்தன. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. ஆகவே இர்தாவின் காலி வரிசை என் நாட்டுக் கணக்கிலும் எழுதப்பட வேண்டியது. அதை எழுதும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், நான் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அது என் மொழியைச் சேர்ந்தது. இலங்கையின் வடக்கே சோதனைச் சாவடிகள் இருந்த ஓமந்தையும் முகமாலையும் எங்கள் மொழி பேசும் மக்களுக்கு எப்படிப்பட்ட பெயர்கள் என்பதை இந்த மடலின் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அங்கே 2002-இன் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க வடஐரோப்பிய நாடுகளின் ஆயுதமற்ற குழு ஒன்று இருந்தது. 2008 ஜனவரியில் போர்நிறுத்தம் முறிக்கப்பட்டதும் அது வெளியேறியது. அதே ஆண்டு செப்டம்பரில், அரசின் அறிவுறுத்தலின்பேரில் ஐ.நா. பணியாளர்களும் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டார்கள். போகாதீர்கள் என்று மக்கள் அவர்கள் அலுவலக வாசலில் திரண்டு நின்று கேட்டார்கள். அவர்கள் போனார்கள். 2009 மே மாதம் வரை வன்னியில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது இன்றும் சர்ச்சைக்குரிய எண்ணாகவே இருக்கிறது. 40,000 வரை இருக்கலாம் என்பதை ஒதுக்கிவிட முடியாது என்று ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. சாட்சிகள் இருந்திருந்தால் போர் நின்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. இத்தனை ஆண்டுகள் கழித்தும், இறந்தவர்களின் எண்ணிக்கையைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாமல் உறவினர்கள் அலைய வேண்டியிருந்திருக்காது என்று மட்டும் சொல்கிறேன்.

ஆகவே உங்களிடம் இன்னும் ஒன்று. இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்ந்திருக்கும் உங்கள் அறிக்கைகளின் முழுப் படிகளை உங்கள் நாட்டுக்கு வெளியிலும், ஒன்றுக்கு மேற்பட்ட நூலகங்களிலும், இப்போதே ஒப்படைத்து வையுங்கள். அரசுசாரா அமைப்புகளை நெருக்கும் சட்டங்கள் உங்கள் நாட்டிலும் வருகின்றன, என் நாட்டிலும் வந்திருக்கின்றன. காலம் தாழ்த்த வேண்டாம். பெய்த் இபா சாவடி இன்று இல்லை. அது இருந்ததற்கும், அதில் யார் எத்தனை மணி நேரம் நின்றார்கள் என்பதற்கும் உங்கள் பக்கங்களைத் தவிர இவ்வளவு விவரமான சான்று வேறு எங்கும் இல்லை.

அடுத்த முறை உங்களில் இருவர் இர்தாவுக்குப் போகும்போது, வழக்கம்போல வந்து சேர்ந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை வாயில்கள் திறந்திருக்கின்றன, விளக்குகள் எரிகின்றனவா, காப்பி விற்றவர் இன்னும் வருகிறாரா என்று பாருங்கள். கடந்தவர் எத்தனை பேர் என்னும் இடத்தை வெறுமையாக விட்டுவிடாமல், எண்ணிப் பார்த்துவிட்டு, பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே எழுதுங்கள்.

மிகுந்த மதிப்புடன்,
தமிழ்நாட்டிலிருந்து உங்கள் வாசகி